முப்பது பேர் ஊரில் ஒரு புதுக் குடித்தனம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குடியிருப்பவர்களோ முப்பது பேர் சொச்சம்தான், அவர்களும் கின்லாக் என்ற ஒரே ஊரில். 2020ஆம் ஆண்டு அந்த ஊர்க்காரர்கள் புதிதாக நான்கு வீடுகள் கட்டி, குடும்பத்தோடு வந்து தங்க ஆள் வேண்டும் என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பமாக இருந்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லாத நிலை வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கடை, கடல் ஒத்துழைக்கிற நாளில் மட்டும் வந்துபோகும் கப்பல், ஓயாத மழை, கோடையில் கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும் குறும்பூச்சிகள், டிசம்பரில் ஏழு மணி நேரம்கூட நீடிக்காத பகல். எல்லாம் தெரிந்தும் நானூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

நான்கு குடும்பம் என்பது அந்த ஊருக்கு என்ன? வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் பதினாறு பேர். அதாவது ஊரில் பாதி. அதனால்தான் விண்ணப்பங்களை அவ்வளவு நிதானமாகப் படித்துப் பார்த்தார்கள். அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிறப்பு, இருமல், மரபணு, மின்சாரம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத விஷயங்கள் எல்லாவற்றிலும் அதே கணக்குத்தான் வேலை செய்கிறது. பெரிய கூட்டத்தில் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துபோகும். கூட்டம் சிறுத்துவிட்டால் தற்செயலே தலைவிதியாகிவிடும்.

ஓர் ஊரில் நாலு குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாலும் ஆணாகவோ நாலும் பெண்ணாகவோ இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துக் குழந்தைகள் என்றால் அந்த வாய்ப்பு 512இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கில் பிறக்கும் நகரத்தில் அப்படி ஒன்று நடக்கவே நடக்காது. நகரத்தில் ஒரு மீனவர் படகு கவிழ்ந்து இறந்தால் அது ஒரு வீட்டின் துக்கம். முப்பது பேர் தீவில் அது படகு வலிக்கும் கைகளில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ போனது போல. ஒரு நோய், ஒரு விபத்து, தொடர்ந்து மூன்று ஆண் குழந்தைகள், இரண்டு குடும்பத்தின் சண்டை, எதையும் சராசரி வந்து சரிக்கட்டாது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளுக்குப் போடும் கணக்கும் இதுதான். பிறப்பு விகிதமும் இறப்பு விகிதமும் சமமாகவே இருந்தாலும், சிறிய கூட்டம் வெறும் தற்செயலால் ஒரு நாள் பூஜ்யத்தைத் தொட்டுவிடலாம்.

செயின்ட் கில்டா தீவில் அது கண்ணெதிரே நடந்தது. ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்திலிருந்தும் இன்னும் மேற்கே, 60 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக்குக்குள் ஒதுங்கிக் கிடக்கும் பாறைத் தீவுகள் அவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சுமார் 180 பேர் இருந்தார்கள். செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுத்துத்தான் அவர்கள் வாழ்க்கை. 1720களில் தீவுக்காரர் ஒருவர் ஹெப்ரிடீஸில் உள்ள ஹாரிஸ் தீவுக்குப் போன இடத்தில் பெரியம்மை கண்டு இறந்தார். அவருடைய துணிமணிகள் ஊர் திரும்பின. கூடவே நோயும் வந்தது என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெரியம்மைக் கிருமி உலர்ந்த பொருக்குகளில் பல நாள் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால் அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை.

1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிப்பதற்காகக் கடலிலிருந்து நேரே எழும் ஒரு பாறைத்தூணில் இறக்கிவிடப்பட்டார்கள். சில நாளில் படகு வந்து அழைத்துப்போக வேண்டும். படகு வரவில்லை. ஊரில் அம்மை பரவி, படகைத் தள்ளி வலிக்கத் திராணியுள்ள ஆள் மிஞ்சவில்லை. அந்தப் பதினொரு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையிலேயே பறவையும் மீனும் தின்று உயிர் பிழைத்து, மறு ஆண்டு மே மாதம்தான் மீட்கப்பட்டார்கள். ஊரில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். நிலத்துக்குரிய பிரபு ஹாரிஸிலிருந்து புதிய குடும்பங்களை அனுப்பித் தீவை மறுபடி நிரப்பினார். ஆக, செயின்ட் கில்டா மக்கள் என்று பிற்காலப் பயணிகள் வியந்து எழுதிய சமூகத்தில் பெரும் பங்கு, பக்கத்துத் தீவிலிருந்து குடிவந்தவர்களின் வழித்தோன்றல்களே.

அந்த இரண்டாவது வாழ்வும் நிலைக்கவில்லை. 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே தட்டம்மையில் இறந்தார்கள். ஊரில் மிஞ்சியது எழுபது சொச்சம். பிறந்த குழந்தைகளோ எட்டு நாள் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. தொப்புள்கொடி வழியாக நுழையும் டெட்டனஸ் கிருமி மூன்றில் இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோன காலம் அது. 1890களில் பிரசவத்தில் கிருமிநாசினி பயன்படுத்தும் பழக்கம் வந்த பிறகுதான் அந்தச் சாவு நின்றது. அப்போது தாமதமாகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேற, 1930இல் 36 பேர் மட்டுமே இருந்தார்கள். இனித் தங்க முடியாது என்று அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி ஒரு போர்க்கப்பல் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பெருநிலத்துக்குக் கொண்டுபோனது.

மனிதர்கள் போன பிறகு அந்தத் தீவில் நடந்தது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. செயின்ட் கில்டாவில் இரண்டு வகை எலிகள் இருந்தன. ஒன்று வயலெலி. வைக்கிங் காலத்தில் மனிதர்களோடு படகில் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெருநிலத்தில் உள்ள அதன் உறவுகளை விட ஏறத்தாழ இருமடங்கு எடை வரை வளர்கிறது. கீரியும் நரியும் இல்லாத தீவில் சிறிய பிராணிகள் பெரிதாகிவிடுவது உலகமெங்கும் காணப்படும் போக்கு. இன்னொன்று வீட்டெலி. அடுப்பங்கரையின் கதகதப்பையும் தானியக் குதிரையும் நம்பி, நூற்றாண்டுகளாக அங்கேயே வாழ்ந்து தனியொரு வகையாகவே மாறிவிட்டிருந்தது. மறு ஆண்டு, 1931இல், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த குழுவினர் அந்த வீட்டெலிகளில் கொஞ்சமே எஞ்சியிருந்ததைக் கண்டார்கள். காலி வீடுகளுக்குள் வயலெலி புகுந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த எவர் கண்ணிலும் வீட்டெலி படவே இல்லை. பத்துப் பதினைந்து அடுப்பு அணைந்ததும் ஓர் உயிர்வகையே இல்லாமல் போயிற்று. குடித்தனம் என்பதும் ஒரு வாழிடம்தான். அதை நம்பி நம் கண்ணுக்குத் தெரியாமல் யார் யாரோ வாழ்கிறார்கள்.

இனி, புதிதாகத் தீவுக்கு வரும் குடும்பம் மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கொண்டுவரும் இன்னொன்றைப் பார்க்கலாம். செயின்ட் கில்டாவில் வெளிக்கப்பல் வந்துபோன சில நாளில் ஊரே இருமிக்கொண்டு படுத்துவிடும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பயணிகள் எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். கிருமிகளைப் பற்றி எதுவும் தெரியாத காலம். பின்னர் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே சில நூறு சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்து கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். கடுங்குளிரில்தான் சளி அதிகமாகும் என்று நாம் நினைப்போம். அங்கே நேர்மாறு. பனி இறுக இறுகச் சளி குறைந்து, கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1931 வசந்தத்தில் முதல் கப்பல் வந்ததும், சில நாட்களுக்குள் ஊரெங்கும் தும்மல்.

கிருமிக்கும் ஆள் கணக்கு உண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. நோய் கண்டு ஊரில் எல்லாருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டால் தாவ இடமில்லை, கிருமி செத்துப்போகும். தட்டம்மையை எடுத்துக்கொண்டால், தடுப்பூசிக்கு முந்தைய காலத்துத் தீவுகளின் பதிவேடுகளை 1960களில் ஆராய்ந்தவர்கள், சில லட்சம் பேராவது இருக்கும் தீவில்தான் அது விட்டுப்போகாமல் நிலைத்திருக்கும் என்று கண்டார்கள். அதற்குக் கீழே உள்ள தீவில் வரும், எரிக்கும், மறையும். ஆனால் மறைந்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோயைக் காணாத பிள்ளைகள் பிறந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பின் அறுபத்தைந்து ஆண்டு தட்டம்மையே இல்லை. 1846இல் ஒரு பயணியோடு அது வந்தபோது, ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். அங்கே போன பானும் என்ற டேனிஷ் இளம் மருத்துவர் ஒவ்வொரு கிராமமாகச் சுற்றி ஒரு விஷயத்தைக் கவனித்தார். 1781இல் சிறுபிள்ளைகளாக இருந்து நோய் கண்ட முதியவர்கள் ஒருவருக்கும் இம்முறை வரவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்கக் காக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் கிடைத்திருக்காது. இன்று தடுப்பூசி இருக்கிறது. குடிபோகும் குடும்பம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளோடு வந்திறங்கிய முதல் மாதம் பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகல் பரவினால் யாரும் வியக்க வேண்டியதுமில்லை.

மரபணுவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்ததே இந்த ஒரு கணக்கால்தான்.

சிறிய சமூகத்தில் தலைமுறைக்குத் தலைமுறை சில மரபணு வடிவங்கள் தற்செயலாகத் தொலைந்துபோகும். குழந்தை இல்லாமல் ஒருவர் இறந்தால் அவரிடம் மட்டும் இருந்தது அவரோடு போய்விடும். வேறு சில வடிவங்கள் அதே தற்செயலால் பெருகிவிடும். ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2023இல் வெளியானபோது, ஓர்க்னி வழிவந்த தாத்தா பாட்டி உள்ளவர்களில் நூறில் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பை மிகவும் கூட்டும் ஒரே வகை மரபணு மாற்றத்தைச் சுமக்கிறார் என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோரின் வேர் வெஸ்ட்ரே என்ற ஒரு சிறு தீவுக்குப் போகிறது. பல தலைமுறைக்கு முன் வாழ்ந்த யாரோ ஒருவரிடமிருந்து வந்த எழுத்துப்பிழை. பெரிய நாட்டில் அது கரைந்து போயிருக்கும். சிறிய தீவில் நின்றுவிட்டது. தெரிந்துகொண்டது நல்லதாயிற்று, இப்போது பரிசோதித்து முன்கூட்டியே காத்துக்கொள்ள முடிகிறது.

சரி, இந்தத் தேய்மானத்தைத் தடுக்க வெளியிலிருந்து எத்தனை பேர் வர வேண்டும்? அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1931இல் வகுத்த சமன்பாடுகளிலிருந்து வந்த விடை யாரையும் ஒரு கணம் நிறுத்திவிடும். தலைமுறைக்கு ஒருவர், அல்லது ஒரு சிலர். தீவில் நூறு பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் விடை மாறாது. எப்படி? நூறு பேர் சமூகத்தில் தேய்மானம் வேகமாக நடக்கும், ஆனால் அங்கே ஒருவர் வந்தால் அவர் நூறில் ஒரு பங்கு. பத்தாயிரம் பேர் சமூகத்தில் ஒருவர் வெறும் துளி, ஆனால் அங்கே தேய்மானமும் அத்தனை மெதுவாகத்தான் நடக்கும். இரண்டும் சரியாக ஈடாகிவிடுகின்றன. வந்து, மணந்து, பிள்ளை பெற்று வாழும் ஒரே ஓர் ஆள் ஒரு சிறு சமூகத்தைப் பெருநிலத்தோடு ரத்தத்தால் கட்டி வைத்திருக்க முடியும்.

இந்தக் கணக்கை ஒரு தீவு மெய்ப்பித்தும் காட்டியது, எச்சரித்தும் காட்டியது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்ற தீவு. 1940களின் இறுதியில் ஏரி உறைந்தபோது பனி மேல் நடந்து வந்த சில ஓநாய்கள் அங்கே குடியேறின. 1958 முதல் ஆய்வாளர்கள் அவற்றை ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். உள்ளுக்குள்ளேயே இணைந்து இணைந்து, முதுகெலும்புக் கோளாறுகளோடு பிறக்கும் அளவுக்குக் கூட்டம் மெலிந்திருந்தது. 1997இல் கனடாக் கரையிலிருந்து ஒரே ஓர் ஆண் ஓநாய் பனியைக் கடந்து வந்தது. மற்றவற்றை விடப் பெரிய உடல். அதன் குட்டிகள் செழித்தன, கூட்டம் தெம்பு பெற்றது. ஆனால் அதன் வம்சம் அவ்வளவு வெற்றி கண்டதால், பத்தே ஆண்டில் தீவின் மரபணுவில் பாதிக்கு மேல் அதனுடையதாகிவிட்டது. எல்லாமே அதன் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். மறுபடியும் உறவுக்குள் இணைப்பு. குளிர்காலம் மிதமாகிப் பனிப்பாலம் உருவாவது குறைந்ததால் வேறு ஆளும் வரவில்லை. கடைசியில் இரண்டே ஓநாய்கள் மிஞ்சின, தந்தையும் மகளும். 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஒரு முறை வந்தால் போதாது, வந்துகொண்டே இருக்க வேண்டும். ரம் தீவிலும் 1953 முதல் சிவப்பு மான்களைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். ஒவ்வொரு மானுக்கும் குடிவழிப் பட்டியல் உண்டு. நெருங்கிய உறவில் பிறந்த கன்றுகள் பிழைத்து வளர்வது குறைவு என்பது அந்தப் பட்டியலிலிருந்தும் தெரியவந்தது.

மனிதர்களுக்கு ஓநாய்க் கணக்கை அப்படியே போடக் கூடாது. நாம் படகேறிப் போய்ப் பெண் எடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம், படிக்கப் போகிறோம், திரும்புகிறோம். தீவுக்காரர்களுக்குப் புதுக் குடும்பம் தேவைப்படுவது மரபணுவுக்காக அல்ல, பள்ளிக்கூடத்துக்காகவும் படகுத்துறைக்காகவும்தான். ஆனால் அடியில் உள்ள கணக்கு அதே கணக்கு.

ரம்முக்குப் பக்கத்திலேயே எக் என்ற தீவு. 1997 ஜூன் 12ஆம் தேதி அங்கே வாழ்ந்த சுமார் 65 பேர், உள்ளூர் மன்றத்தோடும் ஒரு வனவிலங்கு அமைப்போடும் சேர்ந்து, நன்கொடை திரட்டித் தீவையே விலைக்கு வாங்கினார்கள். அதுவரை தனியொரு ஆளின் சொத்து அது. பெருநிலத்து மின்கம்பி அங்கே போகவில்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. 2008 பிப்ரவரி முதல் தேதி அவர்களுடைய சொந்த மின்கட்டமைப்பு ஓடத் தொடங்கியது. ஓடை நீரில் சுழலும் மூன்று டர்பைன்கள், அவற்றில் பெரியது 100 கிலோவாட். நான்கு சிறு காற்றாலைகள், சூரியப் பலகைகள், ஒரு பேட்டரி அறை, அவசரத்துக்கு டீசல். குளிர்காலத்தில் மழையும் காற்றும் தரும், ஓடை வற்றும் மே, ஜூனில் வெயில் தரும். பேட்டரி நிறைந்த பிறகு மிஞ்சுவதை ஊர்ப் பொதுக்கூடத்தைக் கதகதப்பாக்கப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு விதி உண்டு. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. கடை, விடுதி போன்றவற்றுக்கு 10. குடிவந்த புதிதில் ஒரு வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். தேநீருக்குக் கெட்டில் போட்டால் 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கினால் இன்னொரு 2. அந்த நேரம் பார்த்து அடுப்பைப் போட்டால் வீடு இருண்டுவிடும். பராமரிப்புக் குழுவைக் கூப்பிட்டுத்தான் திரும்ப இணைக்க வேண்டும். குழு என்றால் யார்? பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் கை பழகிவிடும்.

ஏன் இவ்வளவு கறார்? நகரத்தில் நான் கெட்டில் போடும் விநாடியில் இன்னொருவர் அணைக்கிறார். லட்சம் வீடுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று கலந்து சமனாகிவிடும். மின்நிலையத்துக்கு அது ஒரு மெல்லிய அலை. நாற்பது ஐம்பது வீடுள்ள தீவில் கப்பல் வந்த மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பி, ஒரே நேரத்தில் தேநீர் போடுவார்கள். ஈடுகட்ட ஆளில்லை. சராசரி செய்து தராததை அங்கே விதி செய்து தருகிறது. பிறக்கும் நாலு குழந்தைக்கும், முதல் கப்பலில் வரும் சளிக்கும், கெட்டிலுக்கும் ஒரே எண்கணிதம்.

2021இல் ஸ்காட்லாந்து அரசு ஒரு யோசனையை முன்வைத்தது. தீவுகளில் தங்கவோ குடியேறவோ விரும்பும் நூறு குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 50,000 பவுண்டு வரை தரலாம் என்று. உலகமெங்கும் செய்தியாகி, தூர தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். தீவுக்காரர்களிடம் கருத்துக் கேட்டபோது பலர் வேண்டாம் என்றார்கள். வர விரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு, வந்தால் இருக்க வீடு இல்லை, கப்பல் ஒழுங்காக ஓடுவதில்லை, அதற்குச் செலவிடுங்கள் என்றார்கள். மறு ஆண்டு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ரம்மில் நானூறு விண்ணப்பம் வந்தது, வீடு நான்கு.

வந்த குடும்பத்துக்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. இந்தச் சிறு தீவுகளில் தொடக்கப் பள்ளி மட்டும்தான். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால், பெருநிலத்தில் உள்ள மாலேக் துறைமுக ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குப் போய், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வார இறுதியில் கடல் விட்டால் வீடு. அந்த வயதில்தான் பல குடும்பங்கள் பெட்டி கட்டத் தொடங்குகின்றன. ஆனால் எக் தீவில் இன்று நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில், அங்கே வளர்ந்து, விடுதியில் படித்து, நகரங்களில் வேலை பார்த்துவிட்டுத் துணையோடு திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2008இல் போட்ட மின்கட்டமைப்பு இப்போது அவர்களுக்குப் போதவில்லை. அதைப் பெரிதாக்கும் வேலையில் ஊர் இறங்கியிருக்கிறது.